தீயணைப்பு வேலையும் தொற்றுநோயும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீயணைப்பு வீரர்களும் அவர்களின் வீட்டாரும், விபத்தென்றால் முதலில் ஓடிவந்து கைகொடுக்கும் ஊரவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறோம். மருந்து பற்றிச் சொல்லும் இடங்களில் வழமையான அளவையே தருகிறோம். உங்கள் உடம்புக்கு அது பொருந்துமா என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

1. நாங்கள் நெருப்பு அணைக்கிற ஆக்கள். எங்களுக்கேன் தொற்றுநோயைப் பற்றிக் கதைக்கிறியள்?

நெருப்பணைப்பது வேலையின் ஒரு பங்குதான். ஏ9 வீதியில் நசிந்த வாகனத்தை வெட்டி ஆளை வெளியே எடுப்பது, கட்டு உயரமில்லாத கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவது, மாரி வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் வீடுவீடாகப் போவது, மலசலகூடக் குழிக்குள் மயங்கியவரை மீட்பது எல்லாம் உங்கள் தலையில்தான் விழுகின்றன. அங்கே நெருப்பு இல்லை. இரத்தமும் சளியும் சேறும் கழிவும் இருக்கின்றன.

பெரும்பாலானவர்கள் எயிட்ஸுக்குப் பயப்படுகிறார்கள். எங்கள் கணிப்பில் அதைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு: தடுப்பூசி போடாதவருக்கு ஈரலழற்சி பி (ஹெபடைடிஸ் பி), வெள்ளத்தில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல். இவற்றோடு இன்னொரு கெடுதலும் உண்டு. "நாளைக்குப் பார்ப்பம்" என்று விடுகிற பழக்கம். கீழேயுள்ள பல பதில்களில் மணிக்கணக்கு வருவது அதனால்தான்.

2. ஆருக்கு என்ன வருத்தம் இருக்கெண்டு ஆளின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லேலுமோ?

முடியாது. ஈரலழற்சி பி, சி, எச்.ஐ.வி. மூன்றுமே பல வருடங்கள் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியவை. தெரிந்த குடும்பம், படித்த ஆள், சின்னப் பிள்ளை என்று ஆள் பார்த்துக் கையுறை போடுவதில் பயனில்லை. யாருடைய இரத்தமாக இருந்தாலும் தொற்றுள்ளது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சொந்தக்காரர் என்றாலும், கூட வேலை செய்யும் தம்பி என்றாலும் இதுவே முறை. எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்தால் யாரும் மனம் நோகவும் மாட்டார்கள்.

3. ஒராளின்ர இரத்தம் என்ர கையில பட்டிட்டுது. எயிட்ஸ் வந்திடுமோ?

காயமில்லாத தோலில் பட்டால் வராது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போதும். வியர்வை, கண்ணீர், எச்சில் ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. கணக்கில் எடுக்க வேண்டியவை வேறு: குத்து, வெட்டு, கண்ணிலோ வாயிலோ மூக்கிலோ தெறித்தது, வெடிப்பு, புண், எரிகாயம் உள்ள தோலில் பட்டது. தீயணைப்பு வீரரின் கையில் கயிறு உரசிய சிராய்ப்பாவது எப்போதும் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தொற்றுள்ளவரின் இரத்தம் உள்ள ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1000 இல் ஏறக்குறைய 3. ஈரலழற்சி சி 100 இல் 2க்கும் குறைவு. ஈரலழற்சி பி, தடுப்பூசி போடாதவருக்கு, 100 இல் 6 முதல் 30 வரை. அந்தக் கிருமி காய்ந்துபோன இரத்தத்திலும் 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே வாகனத் தளத்தில் நேற்றுக் காய்ந்த கறையையும் வெறுங்கையால் சுரண்டக் கூடாது.

4. ஊசி குத்திப்போட்டுது, இல்லாட்டி இரத்தம் பட்ட கண்ணாடி வெட்டிப்போட்டுது. முதல் என்ன செய்யிறது?

வேலையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு விலகுங்கள். கையுறையைக் கழற்றி, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்கி இரத்தம் எடுப்பதோ வாயால் உறிஞ்சுவதோ கூடாது. குளோரின், ஸ்பிரிட், டெற்றோல் எதையும் காயத்தில் ஊற்ற வேண்டாம். அவை தசையை எரித்துப் புண்ணைப் பெரிதாக்குமே தவிர உள்ளே போன கிருமியைத் துரத்தாது. கண்ணில் தெறித்திருந்தால், இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரால் 10 முதல் 15 நிமிடம் அலசுங்கள். கொன்ராக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் லென்ஸோடேயே அலசிவிட்டுப் பிறகு கழற்றி மீண்டும் அலசுங்கள். வாய்க்குள் போயிருந்தால் துப்பி, பல தடவை கொப்பளியுங்கள்.

அடுத்தது வைத்தியசாலை, அதுவும் அன்றே. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "வேலையில் இரத்தம் பட்ட ஊசி குத்தியது" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். "கையில் சின்னக் காயம்" என்று சொன்னால் மருந்து கட்டி அனுப்பிவிடுவார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்றால் 2 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணித்தியாலம் தாண்டினால் பயனில்லை. ஈரலழற்சி பி தடுப்பூசி போடாதவருக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் (இமியூனோகுளோபுலின்) முதல் தடுப்பூசியும் 24 மணித்தியாலத்துக்குள் கிடைக்க வேண்டும்.

போகும் வழியிலேயே கைபேசியில் எழுதி வையுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், ஊசியா கண்ணாடியா, எவ்வளவு ஆழம், கையுறை இருந்ததா, காயப்பட்டவரை எந்த விடுதிக்குக் கொண்டுபோனார்கள். நிலையப் பொறுப்பாளரின் பதிவுப் புத்தகத்திலும் அன்றைய திகதியிலேயே ஏற வேண்டும். பிறகு நட்டஈடு கேட்கும்போது ஒரு மாதம் கழித்து எழுதிய கடிதத்தை யாரும் மதிக்கமாட்டார்கள்.

5. எந்தக் கையுறை நல்லது? நெருப்புக் கையுறை தடிப்பாத்தானே கிடக்கு, அது காணாதோ?

காணாது. நெருப்புக் கையுறை தோலும் துணியும். இரத்தத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினாலும் முழுதாகப் போகாது. அதைப் போட்டுக்கொண்டு காயத்தை அழுத்தவோ நாடி பார்க்கவோ முடியாது. நோயாளியைத் தொடும் வேலைக்கு நைட்ரைல் (மெல்லிய செயற்கை இறப்பர்) கையுறை. ஆனால் நைட்ரைல் கண்ணாடியையும் தகரத்தையும் தாங்காது. ஆகவே விபத்து வாகனத்தில் உள்ளே நைட்ரைல், அதற்கு மேல் வெட்டுத் தாங்கும் கையுறை. தகரம் வெட்டி முடிந்து ஆளைத் தூக்கும் நேரம் வந்தால் மேலதைக் கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் நைட்ரைல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் மாற்றிக்கொண்டு நோயாளியைத் தொடுங்கள். நைட்ரைல் போட்ட கையோடு சுவாலைக்குக் கிட்டப் போக வேண்டாம். உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

ஒரு நோயாளிக்கு ஒரு சோடி. இரண்டு பேர் காயப்பட்டிருந்தால் இடையில் மாற்ற வேண்டும். எங்கள் வெயிலில் வண்டிக் கதவுப் பெட்டிக்குள் மாதக்கணக்காகக் கிடந்த கையுறை போடும்போதே கிழியும். பெட்டியை நிழலான தட்டில் வைத்து, திகதி பார்த்து, பழையதை முதலில் பாவியுங்கள்.

6. கையுறை போட்டுத்தானே வேலை செய்யிறம். பிறகும் ஏன் கை கழுவ வேணும்?

கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கும். அதைவிட, கையுறையைக் கழற்றும்போதுதான் கை அதிகம் அழுக்காகிறது. கழற்றும் முறை: ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பக்க வெளிப்புறத்தைக் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்து, மற்றக் கைக்குள் உருட்டிப் பிடியுங்கள். இப்போது வெறும் விரலை மற்றக் கையுறையின் உள்பக்கமாக நுழைத்து, முதலாவதையும் சேர்த்து மூடும்படி புரட்டிக் கழற்றுங்கள். வெறுங்கை வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது.

கையில் பூசும் கிருமிநீக்கித் திரவத்தில் அற்ககோல் 60 வீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சேறும் கரியும் படிந்த கையில் அது வேலை செய்யாது, சவர்க்காரம்தான் வேண்டும். பூசிய கை காயும்வரை நெருப்புக்கும் பொறிக்கும் கிட்ட நிற்காதீர்கள். அந்தத் திரவம் தீப்பிடிக்கும்.

7. எங்களுக்கு என்னென்ன தடுப்பூசி வேணும்?

முதலாவது ஈரலழற்சி பி. மூன்று ஊசி: இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2003 இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதில் போட்டிருக்க மாட்டார்கள். "பள்ளிக்கூடத்தில் எல்லாம் போட்டாச்சு" என்ற பதில் இங்கே செல்லாது. அட்டையைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது ஏற்பூசி (ஏற்புவலித் தடுப்பூசி). அடிப்படை ஊசிகள் முடிந்தவருக்கு 10 வருடத்துக்கு ஒருமுறை. சேறு, துரு, சாணம் பட்ட காயமென்றால் கடைசி ஊசி 5 வருடத்துக்கு மேற்பட்டதா என்று பார்ப்பார்கள். கழிவுநீர், வெள்ள வேலை செய்பவர்கள் ஈரலழற்சி ஏ, நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) ஊசிகள் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள். சின்னமுத்து, கொப்புளிப்பான் வந்ததா, ஊசி போட்டதா என்பதையும் பதிவில் சேர்த்தால் பிறகு தேட வேண்டியிருக்காது.

8. மூண்டு ஊசியும் போட்டிட்டன். இனிப் பயமில்லைத்தானே?

இன்னும் ஒரு படி இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் ஊசி போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் எதிர்ப்புச் சக்தி அளவை இரத்தத்தில் பார்க்க வேண்டும். 10 அலகோ அதற்கு மேலோ வந்தால் காப்பு உண்டு. குறைந்தால் இன்னொரு சுற்றுப் போட்டு மீண்டும் பார்ப்பார்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகும் வராதவர் சிலர் உண்டு. அது அவர்களின் குற்றமில்லை. அவர்கள் ஊசி குத்துப்பட்டால் 4 ஆம் பதிலில் சொன்ன எதிர்ப்புப் புரதம் கட்டாயம், ஆகவே அந்த விவரம் அவர்களின் கோவையில் மேல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

9. காசநோய்க்காரரைத் தூக்கினால் எங்களுக்கும் வருமோ? முகக்கவசம் எது?

காசநோய் காற்றால் பரவுகிறது. தட்டு, கோப்பை, உடுப்பால் அல்ல. திறந்த வெளியில் பத்து நிமிடம் தூக்கியதற்கு ஆபத்து மிகக் குறைவு. யன்னல் பூட்டிய வண்டிக்குள் இருமுகிறவரோடு நெடுநேரம் இருந்தால் கணக்கே வேறு. யன்னலைத் திற. இருமுகிறவருக்குச் சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசம், உனக்கு என்95. மூச்செடுக்கச் சிரமப்படுகிறவருக்கு முகக்கவசத்தைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

என்95 போட்டபின் இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். மூக்கோரத்தால் காற்று வந்தால் கம்பியை மீண்டும் அழுத்துங்கள். தாடி இருந்தால் அது பொருந்தாது. சுவாசக் கருவியின் முகமூடிக்கும் இதே விதிதான், ஆகவே வேலை நாளில் சவரம் அலங்காரத்துக்கல்ல. நீங்கள் கொண்டுபோனவருக்குக் காசநோய் என்று பிறகு தெரியவந்தால் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

10. கிணத்தில இருந்து எடுத்த பிள்ளைக்கு வாயோட வாய் வைச்சு ஊதலாமோ?

நீரில் மூழ்கியவருக்கு மூச்சுத்தான் முதல் மருந்து. நெஞ்சை மட்டும் அழுத்துவது மாரடைப்பில் விழுந்த பெரியவருக்குப் பொருந்தலாம், இங்கே அது போதாது. ஆகவே கேள்வி ஊதலாமா என்பதல்ல, எதை வைத்து ஊதுவது என்பதே. ஒருவழி வால்வு உள்ள கைப்பை முகமூடி (பொக்கற் மாஸ்க்) ஒவ்வொரு வண்டியிலும் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று பிள்ளைகள் அளவு. வால்வை ஒருமுறை பாவித்தால் எறிய வேண்டும், முகமூடிப் பகுதியைக் கழுவிக் கிருமிநீக்கலாம். இரண்டு பேர் பயிற்சி பெற்றிருந்தால் கையால் அழுத்தும் காற்றுப்பை இன்னும் நல்லது.

முகமூடி இல்லாமல் ஊதிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், எச்சிலால் எச்.ஐ.வி. வந்த கதை இதில் இல்லை. வாய் கொப்பளித்து, பதிவில் எழுதுங்கள். அந்த நோயாளிக்கு மூளைக்காய்ச்சல் கிருமி என்று வைத்தியசாலை சொன்னால் மட்டும் அவசரம்: ஒரேயொரு தடவை எடுக்கும் மருந்து, இயன்றால் 24 மணித்தியாலத்துக்குள்.

11. ஒரே சுவாச முகமூடியை நாலு பேர் மாறிமாறிப் போடுறம். ஸ்பிரிட்டால துடைச்சால் காணும்தானே?

ஸ்பிரிட் இறப்பரை வறட்டும், கண்ணாடியை மங்கலாக்கும். வெடிப்பு விழுந்த முகமூடி அடுத்த நெருப்பில் புகையை விடும். தொற்றிலிருந்து தப்பப் போய்ப் புகைக்குள் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்? முகமூடியில் பூட்டியிருக்கும் காற்றுச் சீராக்கியைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மென்மையான திரவச் சவர்க்காரம் போட்டு, பஞ்சுத் துணியால் உள்ளும் புறமும், வார்களையும் சேர்த்துக் கழுவுங்கள். அலசி, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநீக்கியை அதில் போட்டிருக்கும் நிமிடம்வரை விட்டு, மீண்டும் அலசி, நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

இயன்றால் ஆளுக்கொரு முகமூடி, பெயரெழுதி. தடிமன், காய்ச்சல், கண்நோய் உள்ளவர் பாவித்தது கழுவப்படாமல் இன்னொருவர் முகத்துக்குப் போகவே கூடாது.

12. வெள்ளத்தில இறங்கினால் எலிக்காய்ச்சல் எண்டுறாங்கள். அதுக்குக் குளிசை இருக்கோ?

இருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிரெடுத்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில் உறுதியானது. அதற்கு முன் இது வயல்காரருக்கு வருகிற தெற்கத்தை வருத்தம் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் இருக்கும் கிருமி தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து, வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியாக உள்ளே போகிறது. நெடுநேரம் ஊறிய தோலும் வழிவிடும்.

டொக்சிசைக்ளின் 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒருமுறை, இறங்கும் காலம் முடியும்வரை. இதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்குங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வழி சொல்வார். சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு, நிமிர்ந்திருந்து விழுங்குங்கள். விழுங்கிய கையோடு படுத்தால் தொண்டைக்குழாயில் புண் வரும். வெயிலில் தோல் சிவக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. வருடம் முழுவதும் போடுகிற மாத்திரையும் அல்ல. மாத்திரை போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம், ஆகவே முழங்கால்வரை சப்பாத்து, காயங்களுக்கு நீர்புகாத ஒட்டு, வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பு ஆகியவை அப்படியே தொடர வேண்டும். சப்பாத்துக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டால் உடனே ஊற்றிவிடுங்கள். நாள் முழுதும் காலை ஊறவைப்பதற்குச் சப்பாத்தே தேவையில்லை.

13. வெள்ள வேலை முடிஞ்சு பத்து நாளால காய்ச்சல். பனடோல் போட்டுப் பார்க்கலாமோ?

இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்று விட வேண்டாம். எலிக்காய்ச்சல் வழமையாக 5 முதல் 14 நாளில் காட்டும், 30 நாள்வரையும் போகலாம். காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவத்தல், தலையிடி, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் என்றால் அன்றே வைத்தியசாலை. வைத்தியரிடம் "இத்தனையாம் திகதி வெள்ளத்தில் நின்றேன்" என்று நீங்களே சொல்லுங்கள். மாரியில் இங்கே டெங்கும் ஓடும். உங்கள் வேலையைத் தெரியாத வைத்தியர் அதைத்தான் முதலில் நினைப்பார். டெங்காகவும் இருக்கக்கூடுமாதலால் அஸ்பிரின், புறூபன் வகை வலிமாத்திரைகள் வேண்டாம்.

14. நாள்பட்ட சவத்தைக் கிணத்தில இருந்து எடுக்கிறம். அந்த நாத்தத்தால வருத்தம் வருமோ?

நாற்றத்தால் தொற்று வராது. இறந்த உடம்பில் பெரும்பாலான கிருமிகள் நெடுநாள் நிற்பதில்லை. இரத்தம், மலம், உடல் நீர் படுவதைத் தடுத்தால் போதும்: இரட்டைக் கையுறை, நீர்புகாத மேலுடை, கண்ணாடி, சப்பாத்து. தூக்கும்போது நெஞ்சு அமுங்கி உள்ளே இருக்கும் காற்று வெளியே வரும். சவத்தின் வாயையும் மூக்கையும் துணியால் மூடிவிட்டுத் தூக்குங்கள். கிணற்று வீட்டுக்காரருக்கு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இறைப்பித்துக் குளோரின் இட்டுச் சொல்லும்வரை அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிணற்றிலும் குழியிலும் முதலில் ஆளைக் கொல்வது கிருமியல்ல, வாயு. இறங்கியவரைத் தேடி இன்னொருவர் இறங்கி இருவரும் போவது இப்படித்தான். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒக்சிசன் குறைவை மட்டுமே காட்டும். ஐதரசன் சல்பைட்டைக் காட்டாது, மலக்குழியென்றால் மீதேனைப் பற்றவைத்துவிடும். வாயு அளவி, சுவாசக் கருவி, மேலே பிடித்திருக்கும் கயிறு இல்லாமல் இறங்க வேண்டாம். மலக்குழிக்கு 7 ஆம் பதிலின் ஊசிகளும், முடிந்ததும் நகத்துக்குள் வரை கழுவுதலும், கழுவும்வரை வெற்றிலையோ சிகரெட்டோ வாயில் வைக்காதிருப்பதும் கூடுதலாகத் தேவை.

15. உடுப்பை வீட்டை கொண்டுபோய்த் தோய்க்கிறன். மனிசி பேசுறா. பேசுறது சரியோ?

சரிதான். வெள்ளச் சேறும் இரத்தமும் பட்ட உடுப்பு பிள்ளையின் சட்டையோடு ஒரே வாளிக்குள் போகக் கூடாது. நிலையத்திலேயே தோய்க்க இடம் வேண்டும், அது சமையல் தொட்டி அல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களுக்கான தொற்றுக் கட்டுப்பாட்டு நியமமாக இருந்த என்.எஃப்.பி.ஏ. 1581, பாதுகாப்பு உடையைச் சமையலறைக்குள்ளும் படுக்கும் இடத்துக்குள்ளும் கொண்டுவரவே கூடாது என்றது. இதற்குக் காசு தேவையில்லை, வாசலில் நாலு கொழுக்கி போதும்.

தீக்காப்பு உடையின் உள்பகுதியையும் வெளிப்பகுதியையும் பிரித்து, கொக்கிகளைப் பூட்டி, உள்பக்கம் வெளியே புரட்டி, 40 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் மென்மையான திரவச் சவர்க்காரத்தால் தோயுங்கள். குளோரின் போட்டால் நெருப்புத் தாங்கும் நூல் வலுவிழக்கும். எங்கள் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் படலமாகத் துணியில் ஒட்டும், ஆகவே திரவம்தான், இரண்டு தடவை அலசல். காயவிடுவது நிழலில். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், உடையும் சீக்கிரம் போகும்.

16. வண்டிக்குள்ள இரத்தம் சிந்திக் கிடக்கு. குளோரின் எவ்வளவு கலக்கிறது?

இரத்தத்துக்கு மேலேயே நேராக ஊற்ற வேண்டாம். இரத்தம் குளோரினைத் தின்றுவிடும். கையுறை போட்டு, பழைய பேப்பராலோ துணியாலோ ஒற்றியெடுத்து, தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, பிறகு 0.5 வீதக் கரைசலை ஊற்றி 10 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடையுங்கள். துடைக்காவிட்டால் உலோகம் துருப்பிடிக்கும். கண்ணாடித் துண்டைக் கையால் பொறுக்காமல் இடுக்கியால் எடுத்து, தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போட்டு மூடுங்கள். முக்கால் நிரம்பியதும் வைத்தியசாலைக் கழிவோடு சேர்க்க ஏற்பாடு இருக்க வேண்டும், மாநகர சபைக் குப்பை லொறிக்கு அல்ல.

கணக்கு: கடையில் விற்கும் 5 வீதத் திரவமென்றால் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். கிணற்றுக்குப் போடும் 30 வீதக் குளோரின் தூளென்றால் லீற்றருக்கு 17 கிராம். இரத்தமில்லாத இடத்தை, கைபிடி, தூக்குப்படுக்கை போன்றவற்றைத் துடைக்க இதில் ஐந்திலொரு பங்கு வீரியம் போதும். கரைசலை அன்றன்றே கலக்குங்கள். திறந்து பல மாதமான தூள் மணம் மட்டும் தரும், வேலை செய்யாது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடோ அமோனியாவோடோ கலந்தால் நச்சுப்புகை எழும். இது தீயணைப்பு நிலையத்திலும் நடக்கக்கூடியதுதான்.

17. நாயையும் பூனையையும் கிணத்தில இருந்து எடுக்கக் கூப்பிடுகினம். கீறினால் ஊசி போட வேணுமோ?

கீறலானாலும் நக்கிய புண்ணானாலும் சவர்க்காரத்தால் 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி வேண்டுமா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். "வீட்டு நாய், ஊசி போட்டது" என்ற உரிமையாளரின் வாக்கை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம். விசர்நாய்க்கடி வந்துவிட்டால் மருந்தில்லை. அடிக்கடி இந்த வேலைக்குப் போகும் குழுவுக்கு முற்கூட்டியே ஊசி போட்டு வைத்தால், பிறகு கடிபட்டால் ஊசிகளின் எண்ணிக்கை குறையும், எதிர்ப்புப் புரதமும் தேவைப்படாது.

18. நிலையத்துக்குள்ளயே நுளம்பு கடிக்குது. இதையும் நாங்களே பார்க்கோணுமோ?

தண்ணீர்த் தொட்டி, பழைய ரயர், நுரைத் திரவ வாளி, சுருட்டாத தார்ப்பாய் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. டெங்கு நுளம்பின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

19. நாங்கள் தூக்கின ஆளுக்கு எச்.ஐ.வி. இருக்கோ எண்டு வைத்தியசாலை ஏன் சொல்லாதாம்?

நோயாளியின் விவரம் அவருடையது. அவரின் சம்மதத்தோடு இரத்தம் சோதித்து, உங்களுக்கு மருந்து தேவையா இல்லையா என்பதை உங்களைப் பார்க்கும் வைத்தியர் தீர்மானிப்பார். உங்களுக்கு வேண்டியது அந்த முடிவுதான். முடிவு தாமதமானால் மருந்தை முதலில் தொடங்கிவிட்டு, தேவையில்லையென்று தெரிந்தபின் நிறுத்தலாம். உங்கள் விவரமும் அதேபோல் நிலையம் முழுக்கப் பரவக் கூடாதென்றால் அவரின் விவரத்தைத் தேநீர்க் கடையில் கதைக்காதீர்கள்.

20. தடுப்பு மாத்திரை தந்திருக்கினம். எவ்வளவு நாள்? மனிசிக்குச் சொல்லோணுமோ?

28 நாள், ஒரு நாளும் விடாமல். வயிற்றுப் பிரட்டல் வரலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாமல் தந்த இடத்தில் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். இரத்தப் பரிசோதனை குத்துப்பட்ட அன்று, 6 ஆம் கிழமை, 3 ஆம் மாதம். ஈரலழற்சி சி க்கு 6 மாதம்வரை பார்ப்பார்கள். வைத்தியர் முடிந்தது என்று சொல்லும்வரை ஆணுறை பாவியுங்கள், இரத்ததானம் செய்ய வேண்டாம். இதைச் செய்ய வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்லாமல் முடியாது. சொல்லச் சங்கடமென்றால் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருவரையும் இருத்திப் பேசுவார்கள். சோறு, தண்ணீர், பிள்ளையைத் தூக்குவது எதிலும் மாற்றம் தேவையில்லை.

21. எங்களோட வேலை செய்யிற ஒராளுக்கு ஈரலழற்சி பி இருக்காம். அவரை வேலையால நிப்பாட்டோணுமோ?

தேவையில்லை. ஒன்றாகச் சாப்பிடலாம், ஒரே அறையில் படுக்கலாம், ஒரே குழாயைப் பிடிக்கலாம். பகிரக் கூடாதவை சவரக்கத்தி, நகம்வெட்டி, பற்தூரிகை. அவர் கையில் காயமிருந்தால் நீர்புகாத ஒட்டுப்போட்டு மேலே கையுறை போட வேண்டும், அது எல்லாருக்கும் உள்ள விதியே. அவருக்குத் தொடர் கவனிப்பும் சிலவேளை மாத்திரையும் தேவை, சிகிச்சை நாளுக்கு விடுப்புக் கொடுங்கள். அவர் வருத்தத்தை மறைத்து வைக்கும்படி செய்தால்தான் ஆபத்து கூடும். மிச்சப் பேர் 8 ஆம் பதிலில் சொன்ன அளவைப் பார்த்து, அது 10 அலகோ மேலோ வந்திருந்தால் அவரால் அவர்களுக்கு எதுவும் ஆகாது. பார்க்காதவர்களின் பெயர்களை இந்தக் கிழமைக்குள் எடுத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புங்கள்.